என் படியும் அவள் படியும்

அகவிலைப்படி உயர்வுச் செய்தி நாளிதழில் வரும் காலைகள் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன. 2012-ஆம் ஆண்டில் அது இரண்டு முறை வந்தது, இரண்டு முறையும் 7 சதவீதம். எங்கள் வீட்டில் அரசுச் சம்பளம் வாங்குகிறவர் ஒருவரும் இல்லை. என் கணவர் அச்சகத்தில் வேலை பார்க்கிறார். நான் பாளையங்கோட்டையில் ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியை. அப்போது நிர்வாகம் எனக்குக் கொடுத்த மாதச் சம்பளம் 4,000 ரூபாய். ஆனாலும் அந்தச் செய்தியை ஒரு வரி விடாமல் படிப்பேன். படித்துவிட்டு நாளிதழின் ஓரத்தில் பென்சிலால் கணக்குப் போடுவேன். அடிப்படைச் சம்பளம் 9,300, தர ஊதியம் 4,600, கூட்டினால் 13,900. ஆண்டு ஊதிய உயர்வை விட்டுவிட்டாலும் அதில் 7 சதவீதம் 973 ரூபாய். அது எனக்கு வரப்போகும் பணம் அல்ல. ஆசிரியர் அறையில் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒருத்திக்கு வரப்போகும் பணம்.

எங்கள் ஊர்ப் பக்கத்துப் பள்ளிகளை அறியாதவர்களுக்காகச் சிறிது சொல்லவேண்டும். திருச்சபைகள் நடத்தும் பல பள்ளிகள் அரசு நிதியுதவி பெறுபவை. அங்கே அனுமதிக்கப்பட்ட பணியிடத்தில் இருப்பவருக்கு அரசாங்கம் சம்பளம் கொடுக்கும். பணியிடம் போதாதபோது நிர்வாகமே தன் கையிலிருந்து கொடுத்துச் சிலரை வைத்துக்கொள்ளும். முதல் வகை எய்டட் ஆசிரியர், இரண்டாவது வகை மேனேஜ்மென்ட் ஆசிரியர். இருவருக்கும் ஒரே மணி, ஒரே பாடப்புத்தகம், ஒரே வருகைப்பதிவேடு. சம்பளத்தில் மட்டும் நாலு மடங்கு, ஐந்து மடங்கு வித்தியாசம்.

நான் 2004-இல் சேர்ந்தேன். அவள் 2006-இல் வந்தாள். வந்த முதல் நாள் பாடக்குறிப்பு எழுதும் முறையை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது நான். என்னை "அக்கா" என்றுதான் கூப்பிடுவாள். ஒரே ஆலயம், ஒரே ஞாயிறு ஆராதனை, பல நாள் ஒரே டிபன் டப்பா. 2010 ஜூனில் ஒரு கணக்கு ஆசிரியர் ஓய்வு பெற்று இடம் காலியானபோது, ஆறு வருடமாகக் காத்திருந்த எனக்குத்தான் அது என்று நினைத்திருந்தேன். அவளுக்குக் கிடைத்தது. அவள் பி.எட். முடித்துவிட்டு வேலைக்கு வந்தவள். நான் பட்டம் மட்டும் வைத்துக்கொண்டு சேர்ந்து, கல்யாணத்துக்குப் பிறகு 2007-இல்தான் பி.எட். முடித்தேன். தகுதியோடு செய்த பணியைக் கணக்கிட்டால் மூப்புப் பட்டியலில் அவள் பெயர் முன்னால் இருந்தது. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. பட்டியலை நானே பார்த்தேன். ஒரு கணக்கு ஆசிரியைக்கு அது புரியாமல் போகாது. புரிந்தது, ஆனால் மனம் ஒத்துக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகு வந்த நாலு வருடங்களை நான் மறைக்க விரும்பவில்லை. பொறாமை என்றால் பெரிய சதி, பெரிய சண்டை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். என்னிடத்தில் அது மிகச் சிறிய காரியங்களாக வந்தது. டிபன் டப்பாவைத் தனியாகத் திறக்க ஆரம்பித்தேன். அவள் புதுச் சேலை கட்டி வந்தால் முதலில் முந்தானையைப் பார்ப்பேன், பார்க்காததுபோல் இருப்பேன். 2011-இல் சமச்சீர்ப் பாடப்புத்தகம் பத்தாம் வகுப்புக்கு வந்த சமயம், அணிகள் (மேட்ரிக்ஸ்) பாடத்தில் ஒரு சந்தேகம் கேட்டு வந்தாள். "புத்தகத்திலேயே இருக்கிறதே, பார்த்துக்கொள்" என்றேன். அதைத் தெளிவாகச் சொல்லிக்கொடுக்க எனக்கு ஐந்து நிமிடம் போதும். அந்த வாரமே இன்னொரு ஆசிரியையிடம், "எய்டட் சம்பளம் வாங்குகிறவளுக்கு அணிகள் வரவில்லை" என்று சொன்னேன். சொல்லும்போது நாவு இனித்தது. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் கசந்தது.

உடம்பும் கெட்டது. இரவு தூக்கம் போயிற்று, எய்டட் சம்பளம் வரும் மாதக் கடைசி வேலைநாளில் தலைவலி தவறாமல் வரும். "சொஸ்தமனம் உடலுக்கு ஜீவன்; பொறாமையோ எலும்புருக்கி" என்று நீதிமொழிகளில் இருக்கிறது. எங்கள் பக்கம் பழைய ஆட்கள் காசநோயைத்தான் எலும்புருக்கி என்பார்கள். வெளியே ஒரு காயமும் தெரியாமல் உள்ளே ஆளைத் தின்னும் நோய். அந்த வசனத்தைச் சிறு வயதில் மனப்பாடம் செய்து பரிசு வாங்கியிருக்கிறேன். முப்பது வயதுக்கு மேல்தான் அதன் பொருள் தெரிந்தது.

இவ்வளவுக்கும் நான் அதைப் பொறாமை என்று அழைக்கவே இல்லை. "மனக்கஷ்டம்" என்றேன், "எனக்கு நடந்த அநியாயம்" என்றேன். சபையில் பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்தில் ஜெபக்குறிப்பு கேட்டபோது, "வேலை விஷயத்தில் எனக்கு நியாயம் கிடைக்க ஜெபியுங்கள்" என்று கேட்டேன். எல்லாரும் உருக்கமாக ஜெபித்தார்கள். கூட்டம் முடிந்து செருப்பு மாட்டும்போது, வயதான ஓர் ஆச்சி என் கையைப் பிடித்துக்கொண்டு தணிந்த குரலில் கேட்டார்கள்:

"மகளே, அந்தப் பிள்ளைக்கு அந்த வேலை போய்விட்டால் உனக்கு நிம்மதி வருமா?"

"அப்படியெல்லாம் இல்லை ஆச்சி" என்றேன், உடனே. அவ்வளவு உடனே சொல்லியிருக்க வேண்டியதில்லை.

பொறாமைக்கு நான் கண்ட மிகச் சரியான சோதனை அந்தக் கேள்விதான். நம் மனவருத்தம் நம்முடைய குறையைப் பற்றியதா, அல்லது அடுத்தவருடைய நிறைவைப் பற்றியதா? என் 4,000 ரூபாய் போதவில்லை என்பது ஒரு காரியம், அவளுடைய இருபதாயிரம் என் கண்ணை உறுத்துகிறது என்பது வேறொரு காரியம். இரண்டையும் ஒரே பாத்திரத்தில் ஊற்றிக் கலக்கி, அதற்கு நியாயம் என்று பெயர் வைத்து ஆண்டவருக்கு முன்னால் கொண்டுபோய் வைத்துக்கொண்டிருந்தேன்.

மத்தேயு 20-ஆம் அதிகாரத்துத் திராட்சத்தோட்ட உவமையை அந்த வருடங்களில் என்னால் வாசிக்க முடியவில்லை. விடியற்காலையில் வந்தவனுக்கும் சாயங்காலம் வந்தவனுக்கும் ஒரே பணம். பிரசங்கத்தில் அது வந்தால் என் மனம் முதலில் வந்தவர்கள் பக்கம் போய் நின்றுகொள்ளும். எஜமான் கடைசியில் கேட்பதை மட்டும் காதில் வாங்கமாட்டேன்: "நான் தயாளனாயிருக்கிறபடியால், நீ வன்கண்ணனாயிருக்கலாமா?" வன்கண்ணன் என்ற சொல்லை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். நம் ஊரில் அடுத்தவர் கண் நம்மேல் பட்டுவிடக் கூடாது என்றுதான் எல்லாருக்கும் பயம். வீடு கட்டினால் பூசணிக்காயில் முகம் வரைந்து தொங்கவிடுகிறார்கள். கிறிஸ்தவர்கள் பூசணிக்காய் கட்டாவிட்டாலும் "கண் பட்டுவிட்டது" என்ற பேச்சு நம் வீடுகளிலும் உண்டு. அந்த உவமையில் ஆண்டவர், நம்மேல் படும் கண்ணை விட்டுவிட்டு, நம்முடைய கண்ணைப் பற்றிக் கேட்கிறார்.

2014 ஜூன். பள்ளி திறந்த வாரம். எங்கள் பள்ளியில் மாணவர் எண்ணிக்கை வருடா வருடம் குறைந்துகொண்டு வந்தது. ஆகஸ்ட் முதல் தேதி எண்ணிக்கையை வைத்துத்தான் எத்தனை ஆசிரியர் என்று முடிவாகும். முந்தைய வருடக் கணக்கின்படி ஒரு கணக்குப் பணியிடம் உபரி என்று ஆகி, அவளைச் சாத்தான்குளம் பக்கத்துக் கிராமப் பள்ளி ஒன்றுக்குப் பணி நிரவலில் அனுப்பிவிட்டார்கள். ஐம்பது கிலோமீட்டர் அளவு தூரம். காலை ஆறரைக்கே பஸ் ஏறவேண்டும், திரும்பி வர இரவு ஏழு ஆகும். கணவர் வேலை பார்ப்பது சென்னையில். மகளுக்கு ஐந்து வயது, அப்போதுதான் ஒன்றாம் வகுப்பில் சேர்த்திருந்தாள். உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு ஆசிரியர் அறையில் அழுதாள்.

அன்று மத்தியானம் எனக்குச் சோறு ருசித்தது.

இதை எழுத எனக்குப் பல வருடம் ஆயிற்று. வெறும் ரசமும் அவரைக்காய்ப் பொரியலும்தான். ஆனால் கடைசிப் பருக்கை வரை வழித்துச் சாப்பிட்டேன், நாலு வருடமாக இல்லாத பசியோடு. டப்பாவைக் கழுவக் குழாயடிக்குப் போனபோது ஆச்சியின் கேள்வி நினைவுக்கு வந்தது. நிம்மதி வருமா என்று கேட்டார்களே. வந்துவிட்டது. தண்ணீர் டப்பாவில் நிரம்பி வழிய, அப்படியே நின்றேன்.

அன்றிரவு 73-ஆம் சங்கீதத்தை எடுத்தேன். துன்மார்க்கர் நன்றாக வாழ்வதைக் கண்டு பொறாமைகொண்ட ஆசாப்பின் சங்கீதம். "இப்படியாக என் மனம் கசந்தது, என் உள்ளிந்திரியங்களிலே குத்துண்டேன். நான் காரியம் அறியாத மூடனானேன்; உமக்கு முன்பாக மிருகம் போலிருந்தேன்." இதைப் பரிசுத்த வேதாகமத்தில் ஆலயப் பாடகர் கூட்டத்தின் தலைவன் ஒருவன் எழுதி வைத்திருக்கிறான் என்பது எனக்கு அன்று பெரிய ஆறுதல். ஆலயத்தில் பாடுகிறவனுக்குள்ளும் அது இருந்திருக்கிறது.

ஆனால் இந்தச் சங்கீதத்தை நம்முடைய பிரசங்கங்களில் பயன்படுத்தும் விதத்தைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். ஆசாப் தேவனுடைய பரிசுத்த ஸ்தலத்துக்குள் போய் "அவர்கள் முடிவைக் கவனித்து" உணர்ந்தான் என்பதை எடுத்துக்கொண்டு, "பொறாமைப்படாதீர்கள், அவர்களுக்கும் கஷ்டம் உண்டு, பணக்காரர் வீட்டில் போய்ப் பாருங்கள், நிம்மதியே இருக்காது" என்று ஆறுதல் சொல்கிறோம். ஆசாப் பார்த்தது துன்மார்க்கருடைய முடிவை. அவள் துன்மார்க்கி அல்ல, என்னைப்போல ஜெபிக்கிற ஒரு சகோதரி. அவளுக்கும் கஷ்டம் உண்டு என்று தெரிந்ததும் எனக்குத் திருப்தி வந்தது என்றால், அந்தத் திருப்தி பொறாமையின் சாப்பாடு. அதே கணக்குத்தான், விடை மட்டும் எனக்குச் சாதகமாக வந்திருக்கிறது. "நம்மைவிடக் கஷ்டப்படுகிறவர்களைப் பார்த்து ஆறுதல் அடை" என்பதையும் இதோடுதான் சேர்ப்பேன். மேலே பார்த்து ஏங்கினாலும் கீழே பார்த்துத் தேறினாலும் தராசு நம் கையில் இருந்துகொண்டேதான் இருக்கிறது. ஆசாப் வந்து சேர்ந்த இடம் அதுவல்ல. சங்கீதத்தின் முடிவில் தேவனைப் பார்த்து "என் பங்கு" என்கிறான். அடுத்தவனுடைய பங்கைப் பற்றிய பேச்சு அங்கே நின்றுபோகிறது.

அன்று முழங்காலில் நின்று, நாலு வருடத்தில் முதல் தடவையாக அந்தச் சொல்லைச் சொன்னேன். "ஆண்டவரே, எனக்கு அவள்மேல் பொறாமை." மனக்கஷ்டம் என்று சொல்லும்வரை ஆறுதல்தான் கேட்க முடிந்தது. பொறாமை என்று சொன்னபிறகு மன்னிப்புக் கேட்க முடிந்தது. இந்த வியாதி உள்ளவர்களுக்கு நான் சொல்லக்கூடிய முதல் காரியம் இதுதான்: பொறாமையைப் பெயர் மாற்றாமல் சொல்லுங்கள், யார்மேல் என்று அவர் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஆனால் அதை அவளிடம் போய்ச் சொல்லவேண்டுமா? இதில் எனக்குக் குழப்பம் இருந்தது. ஆச்சியிடம் கேட்டேன். "நீ நினைத்ததை அந்தப் பிள்ளை தலையில் ஏற்றாதே. நீ பேசியது வேறு" என்றார்கள். அது எனக்குச் சரியாகப் பட்டது, இன்றும் படுகிறது. மனதுக்குள் நினைத்ததை ஆண்டவரிடமும் நம்பிக்கையான ஒரு மூத்தவரிடமும் அறிக்கை செய்தேன். என் பாரம் இறங்குவதற்காக அவள்மேல் ஒரு பாரத்தை வைக்கவில்லை. அணிகள் பாடத்தைப் பற்றிச் சொன்ன பேச்சு என் வாயைவிட்டு வெளியே போயிருந்தது. அதற்காக நான் யாரிடம் சொன்னேனோ அந்த ஆசிரியையிடம் போய், "அன்று சொன்னது பொய், கசப்பில் சொன்னேன்" என்றேன். அவளிடமும், "நீ சந்தேகம் கேட்டு வந்தபோது விரட்டிவிட்டேன், பின்னால் உன்னைப் பற்றித் தப்பாகவும் பேசினேன், மன்னித்துக்கொள்" என்றேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை. "தெரியும் அக்கா" என்றாள். நாலு வருடமும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

பிறகு, நான் யோசித்து வைக்காத ஒன்றைச் சொல்லிவிட்டேன். "சாயங்காலம் பிள்ளையை என்னிடம் விட்டுவிட்டுப் போ. நீ வரும்வரை நான் பார்த்துக்கொள்கிறேன்."

நாலு மணிக்கு ஒன்றாம் வகுப்பு வாசலில் அந்தக் குழந்தை எனக்காகக் காத்திருக்கும். என் மகனும் அதுவும் நானுமாக நடந்து வீட்டுக்கு வருவோம். முதல் சில வாரம் அது கடமையாகத்தான் இருந்தது, பொய் சொல்லமாட்டேன். அந்தக் குழந்தையின் புதுப் பையையும் தண்ணீர்ப் பாட்டிலையும் என் மகனுடையதோடு ஒப்பிட்டு என் கண் பார்க்கத்தான் செய்தது. ஆனால் ஒரு குழந்தைக்கு முகம் கழுவிவிட்டு, தலை பின்னிவிட்டு, வாயில் சோறு ஊட்டிக்கொண்டு, அதன் தாயின்மேல் கசப்பை வைத்துக்கொள்வது மிகக் கடினமான வேலை. ஆறு மாதத்தில் அது என் வீட்டுப் பிள்ளையாகிவிட்டது. "சந்தோஷப்படுகிறவர்களுடனே சந்தோஷப்படுங்கள்" என்று பவுல் ரோமருக்கு எழுதியதைச் செய்ய எனக்கு வேறு வழி தெரிந்திருக்கவில்லை. மனம் மாறியபிறகு அன்பு செய்யலாம் என்று காத்திருந்தால் நான் இன்னும் காத்துக்கொண்டுதான் இருப்பேன்.

சம்பளக் காரியத்தையும் இங்கே சொல்லிவிடவேண்டும். போதுமென்ற மனம் என்றால் வாயை மூடிக்கொண்டு இருப்பது என்று நம்மில் பலர் போதிக்கிறார்கள். சம்பளம் கொடுக்கவேண்டிய இடத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் அதைப் போதிக்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. அநியாயமாய்ப் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு எழுதியதும் அதே வேதாகமத்தில்தான் இருக்கிறது. பொறாமையையும் குறையையும் பிரித்தபிறகு, குறையைப் பற்றி மட்டும் பேச எனக்குத் தைரியம் வந்தது. 2015-இல் மேனேஜ்மென்ட் ஆசிரியர்கள் ஏழு பேர் சேர்ந்து நிர்வாகத்துக்கு ஒரு விண்ணப்பம் எழுதினோம். எய்டட் ஆசிரியர்களைப் பற்றி அதில் ஒரு வரிகூட எழுதவேண்டாம் என்று சொன்னது நான். எங்கள் வேலை நேரம், எங்கள் வீட்டு வாடகை, அரிசி பருப்பு விலை, இவற்றை மட்டும் எழுதினோம். ஒரு வருடம் இழுத்து, 6,500 ஆக்கினார்கள். போதாதுதான். ஆனால் அவளுடைய சம்பளத்தைக் காட்டிக் கேட்டிருந்தால் எனக்குக் கிடைக்கும் எந்தத் தொகையும் சிறியதாகவே தெரிந்திருக்கும். ஆசிரியர் தகுதித் தேர்வும் இடையில் எழுதி, 150-க்கு 96 எடுத்துத் தேறினேன். பணியிடம்தான் இல்லை.

'படி' என்ற சொல்லுக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமை கடைசி மணி ஏழாம் வகுப்புக்கு வேதபாடம் எடுப்பேன். ஒரு வாரம் நீதிமொழிகள் 30. யாக்கேயின் குமாரனாகிய ஆகூர் என்பவரின் ஜெபம் அதில் இருக்கிறது. "தரித்திரத்தையும் ஐசுவரியத்தையும் எனக்குக் கொடாதிருப்பீராக" என்று கேட்டு, "என் படியை எனக்கு அளந்து என்னைப் போஷித்தருளும்" என்கிறார். வாசித்து முடித்ததும் ஒரு பையன் எழுந்து, "டீச்சர், படி என்றால் அரிசி அளக்கிற பக்காப்படியா, அல்லது எங்கள் அப்பாவுக்குக் கிடைக்கிற பயணப்படியா?" என்று கேட்டான். அவன் அப்பா போலீஸ்காரர். "இரண்டும் ஒன்றுதான், ஒருவருக்கென்று அளந்து கொடுப்பது" என்றேன். சொன்னபிறகு எனக்கே அது உறைத்தது. எத்தனை வருடம் நான் அவளுடைய அகவிலைப்படியை அளந்துகொண்டிருந்தேன்! ஆகூர் கேட்டது "என் படி." அளக்கும் வேலையையும் அவர் கர்த்தரிடம் விட்டுவிட்டார்.

யோவான் 21-இல் பேதுருவும் இதே இடத்தில்தான் தடுக்குகிறான். அவனுடைய வழியை ஆண்டவர் அவனுக்குச் சொல்லி முடித்த மறு நிமிடமே திரும்பிப் பார்த்து, இன்னொரு சீஷனைக் காட்டி, "ஆண்டவரே, இவன் காரியம் என்ன" என்கிறான். "உனக்கென்ன, நீ என்னைப் பின்பற்றிவா" என்று பதில் வருகிறது. கடுமையான பதில் என்று முன்பு நினைத்திருந்தேன். நாலு வருடம் அடுத்தவள் காரியத்தைச் சுமந்து பார்த்தபிறகு, "உனக்கென்ன" என்பதைப்போல ஒரு விடுதலை எனக்குத் தெரியவில்லை. அவளுக்கு எவ்வளவு, ஏன் அவ்வளவு என்று கணக்குச் சொல்லவேண்டிய வேலை என்னுடையது இல்லை.

வீட்டில் இதை எனக்கு நடத்திக் காட்டியவர்கள் என் அத்தை, அதாவது மாமியார். எங்கள் பக்கத்துச் சபைகளில் கைப்பிடி அரிசி என்று ஒரு பழக்கம் உண்டு. உலை வைக்க அரிசி எடுக்கும்போது ஒரு பிடியை எடுத்துத் தனியாக ஒரு டப்பாவில் போட்டு, மாதம் ஒருமுறை ஆலயத்தில் காணிக்கையாகப் படைப்பார்கள். 2011 ஜூனிலிருந்து ரேஷன் அரிசி விலையில்லாமல் வந்தபோது எங்கள் வீட்டில் பாதி நாள் அந்த அரிசிதான். அத்தை அதிலும் ஒரு பிடி எடுத்தார்கள். எனக்கு எரிச்சல். "இலவசமாக வாங்குகிற அரிசியில் காணிக்கை வேறா அத்தை? கொடுக்கிற நிலைமையிலா இருக்கிறோம்?" என்று கேட்டேன். அத்தை டப்பாவை மூடிக்கொண்டே, "பிடி எடுத்தபிறகும் சோறு மிஞ்சத்தானே செய்கிறது, பழையது போடுகிறோமே" என்றார்கள். அவர்கள் எனக்கு உபதேசம் செய்ய நினைத்துச் சொல்லவில்லை. சமையலைப் பற்றித்தான் சொன்னார்கள்.

அத்தை 2016-இல் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள். டப்பா இப்போது என் கையில். கொடுப்பதால் திருப்தி வருகிறது என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். என் அனுபவத்தில் அது சற்று வேறு மாதிரி. ஒரு பிடி எடுக்கும்போது, பானையில் மீதி இருப்பதைக் கண் பார்க்கிறது. நாள் முழுவதும் இல்லாததையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு, தினமும் இரண்டு வேளை, இருப்பதைப் பார்க்க ஒரு சந்தர்ப்பம். அவ்வளவுதான், ஆனால் அது எனக்கு வேண்டியிருந்தது. காணிக்கை அரிசி இல்லாத வீடுகளில் இதை வேறு எப்படிச் செய்யலாம் என்று அவரவர்தான் யோசிக்கவேண்டும்.

இன்னும் சில சில்லறைக் காரியங்கள் செய்தேன். அகவிலைப்படிச் செய்தி வந்தால் அந்தப் பக்கத்தைப் படிக்காமல் புரட்டினேன். எனக்குச் சம்பந்தமில்லாத செய்தி அது. மாதக் கடைசி வேலைநாளில் ஆசிரியர் அறைப் பேச்சு சம்பளத்தைப் பற்றியே இருக்கும் என்பதால், அன்று நூலகத்தில் போய் உட்கார்ந்து நோட்டுத் திருத்தினேன். கிறிஸ்துமஸுக்குத் துணி எடுக்க, ஊரே போகும் வாரத்தில் போகாமல் அக்டோபரிலேயே போய் வந்தோம். இவற்றை ஓடி ஒளிவது என்று சிலர் சொல்லலாம். கால் சறுக்குகிற இடம் தெரிந்திருந்தும் அந்த வழியாகவே நடக்கவேண்டும் என்று எந்த வசனமும் சொல்லவில்லை.

பவுல் பிலிப்பியருக்கு எழுதும்போது கட்டுண்டிருந்தார். "நான் எந்த நிலைமையிலிருந்தாலும் மனரம்மியமாயிருக்கக் கற்றுக்கொண்டேன்" என்கிறார். ஆசிரியை என்பதால் அந்தக் "கற்றுக்கொண்டேன்" என்ற சொல்லில் என் கண் நின்றுவிடுகிறது. அப்போஸ்தலனுக்கே அது வரமாகத் தலையில் இறங்கவில்லை, பாடமாகத்தான் வந்திருக்கிறது. பாடம் என்றால் தவறும் வரும், மறுபடியும் அதே பயிற்சி, மறுபடியும் அதே தவறு. எனக்குப் பெரிய தேர்வு 2017 அக்டோபரில் வந்தது.

ஏழாவது ஊதியக் குழு. தமிழ்நாட்டில் அந்த மாதம்தான் அறிவித்தார்கள். நான் பார்க்காமல் புரட்ட முடியாதபடி முதல் பக்கத்திலேயே வந்தது. பட்டதாரி ஆசிரியருக்குத் தொடக்க அடிப்படைச் சம்பளமே 36,400. எனக்கு அப்போது 7,500. பழைய வலி அப்படியே வந்தது, ஒரு நாளும் என்னைவிட்டுப் போகாததுபோல. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. இத்தனைக்குப் பிறகுமா என்று என்மேலேயே வருத்தம். ஆனால் 2010-க்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் இருந்தது. இந்தத் தடவை வந்த அன்றைக்கே அதன் பெயர் எனக்குத் தெரிந்திருந்தது. உலை கொதிக்கும்போது அடுப்படியில் நின்றபடியே சொன்னேன்: "ஆண்டவரே, மறுபடியும் வந்துவிட்டது."

மூன்றாம் நாள் சாயங்காலம் அவள் ஏழேகாலுக்கு வந்தாள். பஸ்ஸில் நின்றே வந்த களைப்பு. குழந்தை அதற்குள் சாப்பிட்டு என் மடியில் தூங்கிவிட்டிருந்தது. எட்டு வயது, கனமாகத்தான் இருந்தது. அவள் கைப்பையிலிருந்து ஒரு தாளைப் பாதி எடுத்தாள். என்னைப் பார்த்துவிட்டு மறுபடியும் உள்ளே வைத்தாள். அவள் என்னிடம் மறைக்கப் பார்த்தது என்ன என்று எனக்குத் தெரியும்.

"ஊதிய நிர்ணயக் கணக்கா? கொடு, பார்ப்போம்" என்றேன்.

"பள்ளிக்கூட கிளார்க் போட்டுக் கொடுத்தார் அக்கா. எனக்கு என்னவோ குறைவாகப் போட்டிருக்கிறாரோ என்று சந்தேகம். நான் போட்டால் ஒரு விடை வருகிறது, அவர் போட்டால் ஒரு விடை வருகிறது."

குழந்தையின் ரஃப் நோட்டைத் திறந்தேன். 2016 ஜனவரி முதல் தேதியில் அவளுடைய அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, தர ஊதியம் எவ்வளவு என்று கேட்டு எழுதிக்கொண்டேன். கூட்டினேன். அதை 2.57-ஆல் பெருக்கவேண்டும். கிளார்க் இடையில் ஓர் ஆண்டு ஊதிய உயர்வைச் சேர்க்காமல் விட்டிருந்தார். "இதோ, இங்கே விட்டிருக்கிறார் பார்" என்று காட்டினேன். அவள் என் தோளுக்கு மேலாகக் குனிந்து பார்த்தாள். மடியில் குழந்தை புரண்டு படுத்தது. அதை எழுப்பாமல் நோட்டைச் சற்று நகர்த்தி வைத்துக்கொண்டு, விட்டுப்போனதைச் சேர்த்து, முதலிலிருந்து மறுபடியும் பெருக்க ஆரம்பித்தேன்.